எல்லைக் கோட்டை - 7: பிரம்படி பட்டவன்

நெருப்பு பற்றிக்கொண்டது என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

கி.பி. 105. ரோமப் பேரரசின் வடமேற்குக் கடைக்கோடியான பிரிட்டானியா மாகாணம். விண்டோலாண்டா கோட்டையில் சில ஆண்டுகளாகத் தங்கியிருந்த ஒன்பதாம் பட்டேவியப் படைப்பிரிவுக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. டான்யூப் நதிக்கு அப்பால் டேசியாவில் போர். தளபதி ஃபிளேவியஸ் செரியாலிஸின் வீட்டுச் சாமான்கள் மூட்டை கட்டப்படுகின்றன. இனி வேண்டாம் என்று ஒதுக்கிய கடிதங்களையும் கணக்குகளையும் வெளியே குவித்துத் தீ வைத்தார்கள்.

எரிந்து முடிந்திருந்தால் இந்தத் தொடரே இல்லை. நடுவில் மழை வந்து அணைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் அகழ்ந்தவர்கள். ஓரம் கருகிய ஏடுகள் சேற்றில் அமுங்கின. அதன்மேல் களிமண்ணைப் பரப்பி அடுத்த கோட்டையைக் கட்டினார்கள். காற்றுப் புகவில்லை. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1973 மார்ச்சில், தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கே பள்ளம் தோண்டியபோது இரண்டு மரச் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மெல்லப் பிரித்தார். உள்ளே மையால் எழுதிய வரிகள்!

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். இவர்கள் பிர்ச், ஆல்டர் மரங்களை மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத தடிமனுக்குச் சீவி, கரி மையால் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஏடு அஞ்சலட்டை அளவு இருக்கும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கவிதையும் அல்ல, அரச கட்டளையும் அல்ல. ஒரு வருகைக் கணக்கு. செரியாலிஸுக்கும் முந்தைய காலத்தது. ஒரு மே 18-ஆம் தேதி, முதலாம் துங்கிரியப் படைப்பிரிவின் எழுத்தர் கணக்கெடுக்கிறார். மொத்தம் 752 பேர், அவர்களில் நூற்றுவர் தலைவர்கள் 6 பேர். கோட்டையில் இல்லாதவர்கள் 456. கோரியா என்ற ஊரில் மட்டும் 337 பேர். ஆளுநரின் மெய்க்காவலுக்கு 46 பேர். ஒரு நூற்றுவர் தலைவன் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லண்டனில் இருக்கிறான். கோட்டையில் மிச்சம் 296. அவர்களிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்வலிக்காரர்கள் 10. ஆகப் பணிக்குத் தகுதியானவர்கள் 265.

752 பேர் கொண்ட படையில் 265 பேர்! மற்றவர்கள் எங்கே? அவர்கள்தான் அரசாங்கம். எல்லை மாகாணத்தில் போலீஸ் கிடையாது, பொதுப்பணித்துறை கிடையாது. ஆளுநருக்குக் காவல் நிற்பவனும் சிப்பாய், சுவர் பூசுகிறவனும் சிப்பாய். இன்னொரு ஏட்டில் பட்டறை வேலைக்குப் போன 343 பேரின் கணக்கு இருக்கிறது. அதில் செருப்புத் தைக்க 12 பேர், குளியல் மாளிகை கட்ட 18 பேர். லூகுவாலியத்தில், அதாவது இன்றைய கார்லைலில், அன்னியஸ் இக்வெஸ்டர் என்ற நூற்றுவர் தலைவன் வட்டாரத்துக்கே பொறுப்பாளன். ஒருவனுக்குக் காரியம் ஆக வேண்டும். செரியாலிஸ் சொன்னால் அந்த இக்வெஸ்டர் கேட்பார் என்று ஒரு நண்பர் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார்.

பணம் போன வழியையும் ஏடுகள் காட்டுகின்றன. ஒக்டேவியஸ் என்பவன் கேண்டிடஸ் என்பவனுக்கு எழுதுகிறான். சுமார் 5,000 மோடியஸ் (ரோமானிய முகத்தலளவை) தானியக் கதிர் வாங்கிவிட்டான். 500 டெனாரியஸாவது உடனே அனுப்பாவிட்டால் கொடுத்த முன்பணம் ஏறக்குறைய 300 போய்விடும், அவமானமாகிவிடும் என்று தவிக்கிறான். அந்த 300 டெனாரியஸ் அன்று ஒரு லீஜியன் வீரனின் ஓராண்டுச் சம்பளம். கேட்டரக்டோனியம் என்ற ஊரில் தோல்கள் காத்துக் கிடக்கின்றன. போய் எடுத்து வந்திருப்பான். ஆனால் சாலை மோசம், மாடுகள் துன்பப்படுமே என்று போகவில்லை. ரோமானியச் சாலைகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த வரியையும் ஒரு தடவை படிக்க வேண்டும்.

மாஸ்க்ளஸ் என்ற குதிரைப்படைக்காரன், நாளை என்ன செய்ய வேண்டும் என்று செரியாலிஸிடம் பணிவாகக் கேட்டுவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருகிறான்: தோழர்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்ப உத்தரவிடுங்கள். இவர்கள் யாரும் ரோம் நகரத்துப் பிள்ளைகள் அல்லர். ரைன் நதி முகத்துவாரத்துப் பட்டேவியர்கள். இவர்கள் இனமே 69-இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தது. ஒரு தலைமுறை கழிந்ததும் அதே இனத்தவர் ரோமின் சம்பளத்தில் இன்னொரு இனத்தைக் காவல் காக்கிறார்கள்.

அந்த இன்னொரு இனம், அந்த மண்ணுக்கே உரியவர்கள், இந்த ஏடுகளில் எங்கே? தேடிப் பார்த்து எனக்கு மனம் கனத்துவிட்டது. வரி போடுவதற்காக அவர்களைத் தலை எண்ணினார்கள். அனவியோனென்சிஸ் என்ற பிரிட்டன் குடியைக் கணக்கெடுத்த ஹட்டேரியஸ் நேபோஸ் என்ற அதிகாரியின் பெயர் இத்தாலியக் கல்வெட்டில் இருக்கிறது. விண்டோலாண்டாவிலோ, பிரிட்டானியர்களின் போர்முறையைப் பற்றிய ஒரு குறிப்பில் ‘பிரிட்டுங்குலி’ என்ற சொல் கிடைத்தது. அற்பப் பிரிட்டானியர்கள் என்று ஏளனம் செய்யும் சொல். கண்வலி வந்த பத்துச் சிப்பாய்களைத் தனியாக எண்ணிய பேரரசு, ஊர்க்காரர்களுக்கு மிச்சம் வைத்தது இதைத்தான்.

இப்போது தலைப்பில் சொன்ன, பிரம்படி பட்டவனின் ஏட்டுக்கு வருவோம்.

பட்டேவியர் போன பிறகு துங்கிரியர்கள் இங்கே இருந்த காலம். படைவீரர் குடியிருப்பில் கிடைத்த ஏடு. ஒரு பக்கம் கோதுமைக் கணக்கு: ரொட்டிக்கு இவ்வளவு, மாடு மேய்க்கும் அப்பாவுக்கு இவ்வளவு, பன்றி பார்க்கும் லூக்கோவுக்கு இவ்வளவு. கோதுமை அளந்து கொடுத்த ஒரு வியாபாரியின் கை.

திருப்பினால் மறுபக்கம் அதே கையெழுத்து. ஆனால் அது கணக்கு இல்லை, மனு. தன் சரக்கை முன்னிட்டு எழுந்த தகராறில் தன்னைப் பிரம்பால் இரத்தம் வர அடித்துவிட்டார்கள் என்கிறான். தளபதியிடம் முறையிடப் போனான், அவர் உடல்நலமின்றி இருந்தார். கீழே உள்ள அதிகாரிகளிடமும் நூற்றுவர் தலைவர்களிடமும் சொல்லிப் பார்த்தான், பயனில்லை. நான் குற்றமற்றவன், கடல் கடந்து வந்தவன், என் நேர்மையை விசாரித்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறான்.

‘கடல் கடந்து வந்தவன்’ என்று அவன் ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும்? கடல் கடக்காத உள்ளூர்க்காரன் என்றால் அடித்திருக்கலாமா? அடிபட்டவனுக்கே அது இயல்பாகத் தெரிந்திருக்கிறது.

அவன் முறையிடுவது தளபதியிடமோ நூற்றுவர் தலைவனிடமோ அல்ல. ‘மாட்சிமை’ என்ற சொல்லால் ஒருவரை அழைக்கிறான். எல்லைக் கோட்டையின் கோதுமை வியாபாரி அப்படி அழைக்கக்கூடியவர் யார்? மாகாண ஆளுநரா? அதற்கும் மேலே ஒருவரா? அந்த ஏடு ஏன் எதிராளிகள் தூங்கிய கட்டடத்திலேயே கிடந்தது?

சில ஆய்வாளர்கள் 122-ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த ஆண்டில்தான் பேரரசர் ஹாட்ரியன் நேராகப் பிரிட்டானியாவுக்கு வந்து இறங்கினார்.

(தொடரும்)