முழங்காலுக்குக் கீழே

நெல்லிக்குப்பம் கடைவீதியில் நின்று "ஆம்பிள பாவாடை கட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் பலர் கைலியில் இருப்பார்கள். இரண்டு முனையையும் சேர்த்து மூட்டி, கால் பிரிக்காமல், இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற துணி அது. உலகத்தின் பாதிப் பகுதியில் அதைப் பாவாடை என்றுதான் சொல்வார்கள். நம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடித் தறிகளில் கைலி நெய்தே பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆண் பாவாடை கட்டலாமா என்பது நமக்கு ஒரு கேள்வியே அல்ல. நம் வரலாற்றில் இருந்த கேள்வி வேறு. எந்த ஆண், எவ்வளவு நீளத்துக்குக் கட்டலாம்? அதை யார் முடிவு செய்வது?

இந்தக் கதையை ஸ்காட்லாந்திலிருந்து தொடங்குகிறேன். தூரமாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது பரங்கிப்பேட்டை வரை வந்த கதை.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி ஆண்கள் கட்டிய, கட்டம் போட்ட கம்பளித் துணிதான் கில்ட். 1745இல் அந்த மலைக்குலங்களில் பல லண்டன் அரசுக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்து, அடுத்த ஆண்டு தோற்றன. உடனே ஒரு சட்டம் போட்டார்கள். 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் மலைநாட்டு உடை அணியக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டுகளுக்குக் கடல் கடந்து அனுப்பப்படுவார்கள். ஒரே ஒரு விலக்கு: அரசரின் படையில் சேர்ந்தால் அதே உடையைப் போட்டுக்கொள்ளலாம்! சொந்த ஊரில் போட்டால் குற்றம், அரசனுக்காகச் சாகப் போகும்போது போட்டால் சீருடை.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒரு படையணி 73ஆவது ஹைலேண்டர் படை. அதைத் திரட்டிய மெக்லியோட் பிரபு, 1745 கிளர்ச்சியில் அரசுக்கு எதிராக நின்று மன்னிப்புப் பெற்றவர். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில், சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அந்தக் கடற்கரையில், ஹைதர் அலியின் பெரும்படைக்கு எதிராக ஐர் கூட் தலைமையில் இந்தப் படை போரிட்டது. சண்டை நடுவே ஊதிய குழல்காரர்களைப் பாராட்டி, வெள்ளியில் பைப் செய்ய 50 பவுண்டு கொடுத்தார் கூட் என்று அந்தப் படையணியின் கதைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கு அவர்கள் ஊரில் உடைத் தடை இன்னும் சட்டப்புத்தகத்தில்தான் இருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1782 ஜூலை 1 அன்று, அது நீக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில், அவரே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். மலைநாட்டாரைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசிய சமவெளிக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் கட்டிக்கொண்டார்கள். ஏழை மலைக்குடிகள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், அவர்களுடைய துணி தேசிய உடை ஆகிவிட்டது.

இதை நம் கதையோடு அப்படியே ஒட்டவைத்துவிடக் கூடாது. அந்த மலைநாட்டார் தீண்டப்படாதவர்கள் அல்ல. போதாக்குறைக்கு, இங்கே கம்பெனியின் ஆதிக்கத்துக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள். நான் இதைச் சொல்வது ஒரு வித்தியாசத்தைக் காட்டுவதற்காகத்தான். அங்கே அரசு சொன்னது, "நீ வேறு மாதிரி உடுத்தாதே, எங்களைப் போலவே உடுத்து." இங்கே சாதி சொன்னது நேர் எதிரானது: "நீ எங்களைப் போல உடுத்தாதே. தூரத்திலிருந்து பார்த்தாலே நீ யாரென்று தெரிய வேண்டும்."

இதற்குக் கல்வெட்டுக் காலத்துக்கெல்லாம் போக வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது.

ஆண்களுக்கான அந்த விதியை இன்னொரு முறை படியுங்கள். இடுப்புக்கு மேலே போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது. அளவெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தையல்காரன்கூட இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டான். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் எட்டு, பதினொன்றாக வளர்ந்தது. முழங்கால் விதி அதிலும் முன்வரிசையில் இருந்தது. கூடவே, பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாருக்குக் குறைந்த கூலிக்கு வேலை செய்ய வேண்டும் என்பவையும் சேர்ந்தன. துணியையும் கூலியையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே பட்டியலில் வைத்தவர்கள் அவர்கள்தான். "உடுப்புக்கெல்லாம் போய் ஒரு போராட்டமா?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, பக்கத்து மதுரையில்தான் காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் துறந்து முழங்காலுக்கு மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். அது தியாகம் என்று உலகம் கொண்டாடியது. அவர் கட்டியதும் ராமநாதபுரத்துச் சேரிக்கு விதிக்கப்பட்டதும் ஏறக்குறைய ஒரே அளவுத் துணி. காந்திக்கு வேண்டுமென்றால் மறுநாள் காலையிலேயே நீள வேட்டிக்குத் திரும்ப முடியும். சேரி மனிதன் திரும்பினால் குடிசை எரியும்.

இது தெற்கத்திக் கதை மட்டுமல்ல. 'சாதி ஒழிப்பு' படித்தவர்களுக்கு இந்தூர்ப் பகுதியின் பலாய் மக்கள் நினைவிருக்கும். 1928 தொடக்கத்தில் வந்த ஒரு செய்தியை அம்பேத்கர் அதில் எடுத்துக் காட்டுகிறார். பலாய் ஆண்கள் ஜரிகைக் கரை தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக்கரை வேட்டி கட்டக் கூடாது. வேட்டி அல்ல, வேட்டியின் கரை! அதற்குச் சற்று முன்னால், 1927 டிசம்பர் மகாத் மாநாட்டில், தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும்படி உடுத்துவதை விடுங்கள் என்று பெண்களிடம் அவர் பேசியிருந்தார். அவர்களும் சேலை கட்டும் முறையை அங்கேயே மாற்றினார்கள். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் வெள்ளை வேட்டியும் சட்டையும் தலைப்பாகையுமாக, புலையர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டினார். அண்ணலின் சிலைக்கு ஏன் கோட்டு சூட்டு, நம் மண்ணின் உடை இல்லையா என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. மண்ணின் உடைக்குக் கரையும் நீளமும் வைத்து யார் எதைக் கட்டலாம் என்று வகுத்தவர்கள், அவர் அதைக் கட்டவில்லை என்று கோபப்படுவது நியாயமா?

நம் பக்கத்துக்கு வருகிறேன். கொள்ளிடக்கரையிலிருந்து பெண்ணையாறு வரை சேரிகளில் வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தோளில் கிடந்த துண்டு ஊர்த்தெரு முனையில் இடுப்புக்கு இறங்கியதை, செருப்பு கைக்கு ஏறியதைச் சொல்வார்கள். வேட்டிக்கு என்ன விதி என்று கேட்டால் இரண்டு தலைமுறை இரண்டு விதமாகச் சொல்லும். மூத்த தலைமுறை, முழங்காலுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றிருந்ததைச் சொல்லும். அடுத்த தலைமுறை, மடித்துக் கட்டிய கைலியை ஆண்டையைக் கண்டதும் அவிழ்த்து இறக்கிவிட வேண்டும் என்றிருந்ததைச் சொல்லும். அப்பன் இறக்கினால் திமிர், பிள்ளை இறக்காவிட்டால் திமிர். ஒரே தெருவில் விதி தலைகீழாகிவிட்டது, விதி போட்டவர் மட்டும் மாறவில்லை. இதைப் பார்த்த பிறகும் இது "மரியாதை", "பண்பாடு", "ஒழுக்கம்" பற்றிய விவகாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மண்ணில் எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த எல்.இளையபெருமாள் 1952இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1965இல் தீண்டாமையை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் அறிக்கை வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்குப் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது. நகையும் நல்ல உடுப்பும் அணிவதைத் தீண்டாமையின் பேரில் தடுத்தால் குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது.

அப்புறம் 2014. ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு ஒரு புத்தக வெளியீட்டுக்காகப் போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தக் கிளப் விதி அநியாயம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டித் தடுப்பதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டி தமிழர் பண்பாடு என்று எல்லாக் கட்சியும் பேசியது. நல்லது. அதே வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கியதற்காக அதே தமிழர்களின் குடிசையை எரித்ததும் தமிழர் வரலாறுதானே? சட்டம் கொண்டுவர ஒரு நீதிபதி தடுக்கப்பட்டு ஒரு மாதம் போதுமாக இருந்தது. கைலி கட்டிய கூலித் தொழிலாளியை அதே வாசலில் நிறுத்தியிருந்தால் ஒரு பெட்டிச் செய்தியாவது வந்திருக்குமா? 2015 இறுதியில் கோயில்களுக்கான உடை விதி ஒன்றை மதுரைக் கிளையின் தனி நீதிபதி விதித்தபோது, ஆண்களுக்கான பட்டியலில் வேட்டி இருந்தது, பைஜாமா இருந்தது, பேண்ட் சட்டை இருந்தது. கைலி இல்லை. அந்த உத்தரவு சீக்கிரமே நிறுத்திவைக்கப்பட்டது வேறு விஷயம்.

இன்றைய முழங்கால் ஜீன்ஸ். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது. அதையொட்டிய மாதங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். வட மாவட்டங்களில் வளர்ந்த நமக்கு அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி போட்டு நின்ற பையனைப் பார்த்த பார்வை மாறியது. 2018 மே 28 அன்று, பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து இப்போது சிவகங்கையில் இருக்கும் கச்சநத்தத்தில் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் காரணங்களில் ஒன்று என்று செய்திகள் சொல்லின. அந்த வழக்கில் 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)(za) படியுங்கள். பொது இடத்தில் செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, சைக்கிளோ பைக்கோ ஓட்டுவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 1930இன் எட்டுத் தடைகளையும் இந்தப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே பட்டியல். 85 ஆண்டுகள் கழித்தும் நாடாளுமன்றம் அதை எழுத வேண்டியிருந்தது. காவல் நிலையத்தில் இப்படி ஒரு புகார் போனால் பெரும்பாலும் "முன்விரோதம்", "வாய்த்தகராறு" என்றுதான் எழுதப் பார்ப்பார்கள். புகாரை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். என்ன உடுத்தியிருந்தார், எந்தத் தெரு, அதைப் பற்றி எந்த வார்த்தை சொல்லித் தடுத்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கைலியை மடித்துக் கட்டியிருந்தார் என்றால் அதையும்.