சுண்ணாம்புச் சட்டை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் ஆமத்தூரைத் தாண்டும்போது யாருக்கும் குளிர் நினைவுக்கு வராது. கரிசலும் வேலிக்கருவையும் உள்ள மண். மருந்து காய்வதற்கு வெயில் கேட்கிற பட்டாசுத் தொழில். ஆனால் குளிர்கடலில் முங்குகிறவர்களுக்குச் சூடு தருகிற ரப்பர் உடுப்பு எங்கே பிறந்தது என்று தேடினால், இந்த மாவட்டத்துக்கு நன்றாகப் பழகிய ஒரு கல்லில் போய் முட்டுவோம்.

பந்தல்குடிப் பக்கம் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் ராமசாமிராஜா நகருக்குப் போய் சிமெண்ட் ஆகிறது. ஜப்பானில் நீகாத்தா பகுதியின் குரோஹிமே மலையில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில் ஒரு பங்கு வேறு வழியில் போகிறது. முதலில் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். அதைக் கரியோடு சேர்த்து, 2,000 டிகிரியை எட்டும் மின் உலையில் போட்டால் கார்பைட் கல் கிடைக்கும். மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, வெல்டிங் பட்டறையில் தண்ணீர் விட்டு கேஸ் எடுக்கிறார்களே, அதே கல்தான். அந்த அசிட்டிலீன் கேஸிலிருந்து குளோரோபிரீன் என்ற திரவம் வரும், அதிலிருந்து நியோபிரீன் ரப்பர் வரும். பெட்ரோலியத்திலிருந்தும் இதைச் செய்யலாம். அதனால்தான் சில கம்பெனிகள் ‘எங்களுடையது சுண்ணாம்புக்கல் ரப்பர், இயற்கைக்கு நல்லது’ என்று விளம்பரம் செய்கின்றன. அந்த உலை குடிக்கிற மின்சாரத்தைப் பார்த்தால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

இந்த ரப்பரை முதலில் கண்டவர்கள் கடலை நினைக்கவே இல்லை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வேதியியல் நடத்திய ஜூலியஸ் நியூலாண்ட் என்ற பாதிரியார் அசிட்டிலீனைப் பல காலம் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் காட்டிய வழியில், 1930இல் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழுவிலிருந்த ஆர்னால்ட் காலின்ஸ் கையில் துள்ளுகிற ஒரு திடப்பொருள் கிடைத்தது. எண்ணெய் பட்டால் ஊறிக் கெடாத ரப்பர் என்பதுதான் அதன் பெருமை. ஹோஸ், கேபிள் உறை, இயந்திரங்களுக்கான வாஷர் என்று அதன் ஆரம்ப வாழ்க்கை எண்ணெய்ப் பிசுக்கிலேயே கழிந்தது.

அதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தவர் வெடிமருந்து ஆள் என்பதைச் சிவகாசிக்காரர்கள் ரசிப்பார்கள். ஹக் பிராட்னர் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான வெடிமருந்திலும் டெட்டனேட்டரிலும் வேலை செய்தவர். போருக்குப் பின் பெர்க்லியில் இருந்தபோது, 1951 வாக்கில் கடற்படை முக்குளிப்பாளர்களின் குளிர் அவர் கவனத்துக்கு வந்தது. உடம்பின் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். அதுவரை இருந்த உடுப்புகள், தண்ணீரே உள்ளே வராமல் தடுக்கப் பார்த்தன. ஒரு கிழிசல் விழுந்தால் தீர்ந்தது கதை. பிராட்னர் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார். சூட்டைக் காப்பது ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள்தான். தோலை ஒட்டிய தண்ணீர் இடம்பெயராமல் இருந்தால் போதும். குமிழி ஏற்றிய நியோபிரீனைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் வில்லார்ட் பாஸ்கம். பிராட்னர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. காசு பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வியாபாரிகள். முதல் உடுப்புகளில் துணி ஒட்டியிருக்காது. உடம்பெல்லாம் பவுடர் பூசிக்கொண்டுதான் நுழைய வேண்டும், கொஞ்சம் அவசரப்பட்டால் கிழியும். நைலான் துணியை ஒட்டத் தொடங்கிய பிறகே ஆயுள் கூடியது.

குமிழிக்கு ஒரு பலவீனம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், குமிழி பாதியாகச் சுருங்கும். 30 மீட்டரில் கால்வாசிதான் மிஞ்சும். குளிர் கூடுகிற இடத்தில் சட்டை மெலிந்துவிடுகிறது! பனிக்கடலில் இறங்குகிறவர்கள் தண்ணீர் புகாத உடுப்புக்கும் உள்ளே கம்பளிக்கும் திரும்பிப் போனதற்கு இதுவே காரணம்.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ பெண்கள் பருத்தி உடுப்போடு இறங்கி, நடுங்கிக்கொண்டு கரையேறி, நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். 1970களில் ரப்பர் உடுப்பு வந்தது. முங்கும் நேரம் பல மணியாக நீண்டது. காது வலியும் தலைவலியும் கூடின, சிப்பி குறைந்தது. கடைசியில் அவர்களே கூடி நேரத்துக்கு வரம்பு கட்டினார்கள். குளிர்தான் அதுவரை கடலுக்கும் உடம்புக்கும் காவல் இருந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கும் மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிற பெண்களுக்கும் இந்த உடுப்பு இன்னும் தூரத்துப் பொருள். பாசி எடுக்கிறவர்கள் சேலைக்கு மேல் சட்டை மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அங்கே தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. ஆனாலும் மணிக்கணக்கில் கிடந்தால் அதுவும் சூட்டை உறிஞ்சத்தான் செய்யும்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ முங்கப் போகிறவர்கள் வாடகை உடுப்பைக் கையில் வாங்கியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று எழும்பினால் குமிழிக்கு உயிர் இருக்கிறது. தட்டையாகவே கிடந்தால் அது பல பேர் உழைத்துத் தீர்த்தது, வேறு கேளுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் தண்ணீர் ஓடிப் புகாத அளவு இறுக்கம் இருக்கட்டும், மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல். நடுக்கம் தொடங்கிவிட்டால் மானம் பார்க்காமல் கைச்சைகை காட்டி மேலே வந்துவிடுங்கள்.