வாவிக்கரை வழியாகப் போன குதிரைவீரர்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய ஓவியங்களைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முறையாகப் படித்தவனல்ல, வெறும் ஆர்வலன். "சுவரில உருவப்படம் மாட்டாத வீட்டுப் புள்ளைக்கு இது என்ன வேலை?" என்று எங்கட ஊரில் கேட்பவர்களும் உண்டு. நான் சொல்வது இதுதான்: அந்தப் படங்களின் உலகம் எங்கட வாவிக்கரைக்கே வந்திருக்கிறது. எங்கட வரலாற்றுப் பேச்சுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் இருந்தால் நட்டம் எங்களுக்குத்தான்.

1601 மே மாதம் சீலாந்திலிருந்து மூன்று கப்பல்களோடு புறப்பட்ட ஒல்லாந்தத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், 1602 மே இறுதியில் மட்டக்களப்பை அடைந்தார். புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கிய 1628க்குக் கால் நூற்றாண்டு முந்திய கதை இது. ஜூலையில் அவர் இங்கிருந்து தரைவழியாகக் கண்டிக்குப் போய், முதலாம் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். மன்னருக்குக் கொடுத்த பரிசுகளில் ஓர் ஓவியமும் இருந்தது. ஒல்லாந்தப் படைத்தலைவர் மொரிஸ் இளவரசர் போர்க்கவசம் பூண்டு குதிரைமேல் இருக்கும் உருவம். 1600 ஜூலை 2இல் நியூபோர்ட் போரில் ஸ்பானியரை வென்ற அதே கோலம்.

ஏன் குதிரை? ரோமில் நிற்கும் மார்க்கஸ் அவுரேலியஸ் சக்கரவர்த்தியின் வெண்கலச் சிலையில் தொடங்குகிறது இந்த மரபு. 15ஆம் நூற்றாண்டில் டொனாடெல்லோ படுவா நகரில் ஒரு படைத்தலைவரை அப்படி வார்த்தார். 1548இல் டிஷியன் ஐந்தாம் சார்ல்ஸ் சக்கரவர்த்தியை அப்படியே தீட்டினார். குதிரையை அடக்குபவன் நாட்டை ஆளத்தக்கவன் என்பது பொருள். அந்த நாட்களில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. ஆகவே அந்தப் படம் மன்னரிடம் சொன்ன சேதி வெளிப்படையானது: உங்கட எதிரியை வென்றவர் இவர். கோவாவில் போர்த்துக்கேயரிடையே வாழ்ந்து, பிறகு 1594இல் தந்துறையில் அவர்களையே முறியடித்த மன்னருக்கு இந்தப் பாஷை புதிதாக இருந்திராது.

ஒரு படம் இங்கே வந்தது போல, இன்னொரு படம் அங்கே உருவானது. 1605இல் டெல்ப் நகரில் புளோரிஸ் பல்தாசர் என்ற செதுக்கோவியர் ஸ்பில்பேர்கனின் பயணக்குறிப்பை வெளியிட்டார். அதில்தான் மன்னரும் தளபதியும் கைகோத்து நிற்கும் பெயர்பெற்ற சித்திரம் இருக்கிறது. வலக்கைகள் இணைவது ஐரோப்பியப் படமொழியில் உடன்படிக்கையின் அடையாளம். 1531இல் அச்சான அல்சியாட்டோவின் சின்னநூலிலேயே 'ஒற்றுமை' என்பதற்கு அந்த அடையாளம் உண்டு. ஆகவே அந்தச் சித்திரம் டெல்ப் வாசகனுக்கு, 'கூட்டாளி கிடைத்துவிட்டார், துணிந்து முதல் போடலாம்' என்றது. பிற்காலத்தில் இதே கண்டி அரசவையில் ஒல்லாந்தத் தூதர்கள் முழந்தாளிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரத்தின் நோக்கம் விளங்கும். அடுத்து பிராங்க்பர்ட்டில் தெ பிறீ குடும்பத்தார் இதே பயணத்தைத் தங்கள் படத்தொகுதியில் சேர்த்தார்கள். அவர்கள் ஆசியாவைக் கண்ணால் கண்டவர்களல்லர். அவர்கள் பட்டறையில் தூரதேசத்து மனிதர்களுக்கும் கிரேக்க, ரோமச் சிலைகளின் தசையும் நிற்கும் தோரணையும் வந்துவிடும்.

இங்கேதான் எனக்குக் கவலை. இப்படியான பழைய படங்களில் ஒரு தலைப்பாகையைக் கண்டதும், "பாருங்க, இவர் சோனகர், நாங்க அப்பவே இங்க இருந்தோம்" என்று காட்டுகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். கிழக்கில் காணியும் பூர்வீகமும் வழக்காக இருக்கும் காலத்தில் அந்த ஆசை விளங்காததல்ல. ஆனால் பட்டறையில் எல்லாக் கீழைத்தேயத்தாருக்கும் பொதுவாகப் போட்ட தலைப்பாகையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், முதல் குறுக்குக் கேள்வியிலேயே அது விழுந்துவிடும். கூடவே எங்கட உண்மையான சாட்சியங்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இந்த எச்சரிக்கையை ஐரோப்பாவிடம் கடன் வாங்கத் தேவையில்லை. பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலின் மூன்றாம் பாகத்தைப் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒதுக்கினார். கண் ஒளியை வாங்குகிறது. முன் அறிந்ததை வைத்து அறிவு தீர்ப்புச் சொல்கிறது. பிழை அந்தத் தீர்ப்பிலும் நேரலாம் என்றார். அந்நூல் லத்தீனுக்கும் பிறகு இத்தாலிய மொழிக்கும் போய், புளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டியின் குறிப்புகளில் பக்கம் பக்கமாக இடம்பெற்றது. மறுமலர்ச்சி ஓவியர்களின் பார்வைக் கல்வியில் எங்கட அறிஞருக்கும் பங்குண்டு. டெல்ப் சித்திரக்காரர் தான் அறிந்ததை வைத்துக் கண்டியைக் கண்டார். தலைப்பாகையில் மூதாதையைத் தேடுபவரும் அதையேதான் செய்கிறார்.

எங்கட முன்னோர் உருவப்படம் விட்டுப்போகவில்லை. ஆனால் சாட்சியம் விட்டுப்போயிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் துரத்திய சோனகரை 1626இல் செனரத் மன்னர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்திய செய்தி எழுத்தில் இருக்கிறது. தாய்வழிக் குடிமுறை, குடிக்கொரு மரைக்காயர் என்ற பள்ளி நிர்வாக ஒழுங்கு, பழைய காணி உறுதிகள், மீசான் கற்கள், பன்பாயில் பெண்கள் இழைத்த கோலங்கள் எல்லாம் கிடக்கின்றன. ஐரோப்பியப் படங்களையும் பார்ப்போம், ரசிப்போம், அவை யாருக்காக வரையப்பட்டன என்று கேட்போம். எங்கட வரலாற்றை எழுதும்போது முதலில் பள்ளிவாசல் அலுமாரியிலும் உம்மாமாரின் பெட்டகத்திலும் கிடக்கும் கடதாசிகளைக் கறையான் அரிக்க முந்திப் படியெடுப்போம்.