ஜப்பானிய அனிமே தொடர்கள்: பார்க்க வேண்டிய செவ்வியல், நவீனப் படைப்புகள்

ஜப்பானில் உருவாகும் அசைவூட்டப் படைப்புகளுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் அனிமே. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், ஒளிநாடாவாக நேரடியாக விற்பனைக்கு வந்த தொடர் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. இக்கட்டுரை தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 1963 முதல் வெளிவந்தவற்றுள், புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் தவறவிடக் கூடாத பதினான்கு தொடர்கள் இங்கே அறிமுகமாகின்றன. கலைக்குப் புது வழி காட்டியிருக்க வேண்டும், இன்று பார்த்தாலும் கதை நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற இரண்டே அளவுகோல்களில் இவை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இவை தனித்தனி வெற்றிகள் அல்ல. ஒரு நிறுவனத்தில் தொழில் கற்றவர்கள் வெளியேறி அடுத்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் கண்ட உத்தியை அடுத்த தலைமுறை மேலே எடுத்துச் சென்றது. அந்த வழிமரபைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு இத்தொடர்கள் இன்னும் நெருக்கமாகும்.

தோற்றமும் தயாரிப்பு முறையும்

1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடங்கியது. மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையின் பெரும் படைப்பாளி ஒசாமு தெசுகா (1928–1989), தன் மங்காவைத் தன் நிறுவனமான முஷி புரொடக்‌ஷனில் தொடராக்கினார். அரை மணி நேர அசைவூட்டத் தொடரை வாரந்தோறும் தருவது அதுவரை ஜப்பானில் யாரும் செய்யாதது. தொலைக்காட்சி நிறுவனத்திடம் தெசுகா ஒப்புக்கொண்ட விலையோ மிகக் குறைவு.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 8 ஓவியங்கள் போதும். முகம் அசையாமல் வாய் மட்டும் அசையலாம். ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்துவைத்துப் பிற எபிசோடுகளிலும் பயன்படுத்தலாம். முஷி புரொடக்‌ஷன் இந்தச் சிக்கன முறையைக் கைக்கொண்டது. அசைவு குறைந்த இடத்தைக் கதையும் குரலும் இசையும் காட்சிக் கோணமும் நிரப்ப வேண்டியிருந்தது. அனிமே தொடருக்குரிய இலக்கணம் இந்த நெருக்கடியில் பிறந்ததே.

முஷி புரொடக்‌ஷன் 1973இல் திவாலானது. ஆனால் அங்கே வேலை கற்றவர்கள் 1972இலேயே மேட்ஹவுஸ், சன்ரைஸ் ஆகிய நிறுவனங்களைத் தொடங்கியிருந்தார்கள். முஷியில் வண்ணம் தீட்டும் பணியில் இருந்த யோகோ ஹத்தா 1981இல் கியோட்டோ அனிமேஷனைத் தொடங்கினார். சன்ரைஸிலிருந்து பிரிந்தவர்கள் 1998இல் போன்ஸ் நிறுவனத்தையும், மேட்ஹவுஸின் நிறுவனர்களுள் ஒருவரான மசாவோ மருயாமா 2011இல் மாப்பா நிறுவனத்தையும் உருவாக்கினார்கள். கீழே வரும் தொடர்களில் பெரும்பாலானவை இந்தக் கிளைகளில் பூத்தவை.

செவ்வியல் தொடர்கள்

அஸ்ட்ரோ பாய் (1963–1966, 193 எபிசோடுகள்): விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி, அவன் சாயலில் ஓர் எந்திரச் சிறுவனைப் படைக்கிறார். அவன் வளரமாட்டான் என்று தெரிந்ததும் கைவிட்டுவிடுகிறார். சிறுவர் தொடர் என்றாலும் மனிதர்களால் ஒதுக்கப்படும் எந்திரங்களின் துயரம் இதன் அடிநாதம். முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. முதல் சில எபிசோடுகளே வரலாற்றின் தொடக்கத்தைக் காட்டிவிடும்.

ஹைடி, ஆல்ப்ஸ் மலைச் சிறுமி (1974, 52 எபிசோடுகள்): இது தோயே நிறுவனத்தில் பயின்றவர்களின் வேறொரு மரபு. யோஹன்னா ஸ்பிரியின் நாவலை இசாவோ தகஹதா இயக்கினார். எல்லா எபிசோடுகளின் காட்சி அமைப்பையும் வரைந்தவர் ஹயாவோ மியாசாகி. குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் வீடுகளையும் பார்த்து வந்தார்கள். பாலாடைக்கட்டி தீயில் உருகுவதும், வைக்கோல் படுக்கையில் சிறுமி புரள்வதும் ஒரு தொடரின் உச்சக் காட்சிகள் ஆகலாம் என்று இவர்கள் நிரூபித்தார்கள். இருவரும் பின்னர் கிப்ளி நிறுவனத்தில் எடுத்த படங்களின் வேர் இங்கே இருக்கிறது. குழந்தைகளுடன் சேர்ந்து பார்க்க இதைவிடச் சிறந்த தொடர் இல்லை.

மொபைல் சூட் கண்டம் (1979–1980, 43 எபிசோடுகள்): அஸ்ட்ரோ பாயில் பணியாற்றி, ஹைடியின் பல எபிசோடுகளுக்குக் கதைப்பலகை வரைந்த யோஷியுகி டோமினோ சன்ரைஸுக்காக இயக்கிய தொடர். அதுவரை ராட்சத எந்திரன் என்றால் தீமையை அழிக்கும் காவலன். டோமினோவின் கையில் அது ஆலையில் தயாராகும் போர்க்கருவி ஆனது. விண்வெளிக் குடியேற்றங்களுக்கும் பூமிக்கும் நடக்கும் போரில் இரு தரப்பிலும் நல்லவர்கள் சாகிறார்கள்; போரிட நேர்ந்த சிறுவன் அமுரோ மனம் உடைகிறான். பார்வையாளர் குறைவால் திட்டமிட்ட 52 எபிசோடுகள் 43இல் நிறுத்தப்பட்டன. மறு ஒளிபரப்பும் 1980இல் பொம்மை நிறுவனமான பண்டாய் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிகளும் பெரும் அலையை எழுப்ப, இன்றுவரை அதன் வழித்தொடர்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஓவியத் தரம் ஏற்ற இறக்கமானது. 1981–1982இல் வந்த மூன்று தொகுப்புத் திரைப்படங்கள் எளிதான நுழைவாயில்.

வெர்சாயின் ரோஜா (1979–1980, 40 எபிசோடுகள்): ரியோகோ இகேதாவின் மங்காவைத் தழுவியது. ஆணாக வளர்க்கப்பட்டு அரச காவல்படைக்குத் தலைமையேற்கும் ஆஸ்கார், பிரெஞ்சுப் புரட்சியின் வாசலில் தன் வர்க்கத்தையே கேள்வி கேட்கிறாள். பிற்பாதியை இயக்கியவர் முஷியில் தொடங்கி மேட்ஹவுஸை நிறுவியவர்களுள் ஒருவரான ஒசாமு தேசாகி. உணர்ச்சி உச்சத்தில் காட்சியை உறையவைத்து, அதை வண்ண ஓவியமாக மாற்றுவது அவர் முத்திரை. சிக்கனத்துக்காக வந்த அசைவின்மை இங்கே அழகியலாகவே உயர்ந்தது.

லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ் (1988–1997, 110 எபிசோடுகள்): யோஷிகி தனகாவின் நாவல் வரிசையை நொபோரு இஷிகுரோ இயக்கினார். தொலைக்காட்சிக்கு வராமல் சந்தாதாரர்களுக்கு ஒளிநாடாவாக அனுப்பப்பட்ட தொடர் இது. திறமை மிக்க சர்வாதிகாரியா, சீரழிந்த மக்களாட்சியா என்ற கேள்வியை ரைன்ஹார்ட், யாங் வென்-லி என்னும் இரு தளபதிகள் வழியாக எழுப்புகிறது. விண்கலப் போர்களுக்குப் பின்னணியில் இசையமைப்பாளர்கள் மாலரும் ப்ரூக்னரும் ஒலிக்கிறார்கள். அரசியலும் வரலாறும் விரும்புவோருக்கு இது கடல்.

1990களின் திருப்பம்

நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன் (1995–1996, 26 எபிசோடுகள்): மியாசாகியின் ‘நௌசிகா’ படத்தில் அசைவூட்டக் கலைஞராக இருந்த ஹிதேயாகி அன்னோ, கைனாக்ஸ் நிறுவனத்தில் இயக்கியது. தந்தையால் கைவிடப்பட்ட 14 வயது ஷின்ஜி, உலகைக் காக்க ராட்சத உருவத்துக்குள் ஏறும்படி அதே தந்தையால் அழைக்கப்படுகிறான். மனச்சோர்வில் நீண்ட காலம் உழன்ற அன்னோ அந்த வலியைத் தொடருக்குள் வைத்தார். அவகாசம் தீர்ந்த பிற்பகுதியில், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அசையாத சட்டகம் ஒன்று வரும். தெசுகா காலத்துச் சிக்கனம் அங்கே தாங்க முடியாத மௌனமாகிறது. கடைசி இரு எபிசோடுகள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. 1997இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்செலியன்’ திரைப்படத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கௌபாய் பீபாப் (1998–1999, 26 எபிசோடுகள்): ஷினிச்சிரோ வதனபேயின் இயக்கம், சன்ரைஸின் தயாரிப்பு. 2071ஆம் ஆண்டில் சூரியக் குடும்பமெங்கும் குற்றவாளிகளைத் துரத்திப் பிழைக்கும் நால்வரும் ஒரு நாயும் இதன் மாந்தர்கள். யோகோ கன்னோவின் ஜாஸ், ப்ளூஸ் இசை வெறும் பின்னணியாக நில்லாமல் காட்சியின் தாளத்தையே தீர்மானிக்கிறது. டிவி டோக்கியோ ஒரு பகுதியை மட்டுமே ஒளிபரப்பியது. முழுத் தொடரையும் வெளியிட்டது வாவ்வாவ் என்னும் கட்டண அலைவரிசை. பெரும்பாலான எபிசோடுகள் தனிக்கதைகள் என்பதால், அனிமே பழக்கமே இல்லாத திரைப்பட ரசிகருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

2000க்குப் பிந்தைய தொடர்கள்

மான்ஸ்டர் (2004–2005, 74 எபிசோடுகள்): நவோகி உரசாவாவின் மங்காவை மேட்ஹவுஸ் தொடராக்கியது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில், நகர மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார் மருத்துவர் டென்மா. அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். எல்லா உயிரும் சமம் என்ற நம்பிக்கைக்கு என்ன விலை தர வேண்டும் என்பதே கதை. மந்திரமோ எந்திரமோ இல்லாத, பெரியவர்களுக்கான துப்பறியும் தொடர்.

முஷிஷி (2005–2006, 26 எபிசோடுகள்): யுகி உருஷிபாராவின் மங்கா; இஷிகுரோ நிறுவிய ஆர்ட்லேண்டின் தயாரிப்பு. கண்ணுக்குப் புலப்படாத ஆதி உயிர்களால் துன்புறும் கிராமத்தாருக்கு மருந்து தேடும் நாடோடி கிங்கோவின் பயணங்கள். வில்லன் கிடையாது, வேகம் கிடையாது. காடும் மழையும் மனித வாழ்வின் சிறுமையும் உண்டு. இரவுக்கு ஓர் எபிசோடாகப் பார்ப்பது நல்லது.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் (2009–2010, 64 எபிசோடுகள்): இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று, ஒருவன் கையையும் காலையும், மற்றவன் உடல் முழுவதையும் இழந்த இரு சகோதரர்களின் கதை. ஹொக்கைடோவின் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த ஹிரோமு அரகாவா எழுதியது, தயாரிப்பு போன்ஸ். 2003இல் இதே நிறுவனம் எடுத்த முதல் தொடர், மங்கா முடியும் முன்பே தனக்கென ஒரு முடிவைக் கட்டிக்கொண்டது. பிரதர்ஹுட் மூலக்கதையின் வழியே சென்று, மங்கா முடிந்த சில வாரங்களுக்குள் நிறைவடைந்தது. இனப்படுகொலையில் பங்குபெற்ற வீரர்களின் குற்றவுணர்வு, அதிகாரத்தின் பேராசை, குடும்பப் பாசம் எல்லாம் சிதறாமல் ஒரே முடிச்சில் சேர்கின்றன.

நவீனத் தொடர்கள்

அட்டாக் ஆன் டைட்டன் (2013–2023): ஹஜிமே இசயாமாவின் மங்கா, முதல் மூன்று பருவங்கள் விட் ஸ்டூடியோ, இறுதிப் பருவம் மாப்பா. சுவர்களுக்குள் ஒடுங்கிய மக்களைத் தின்னும் ராட்சதர்களின் கதையாகத் தொடங்கி, வெறுப்பு தலைமுறை தாண்டிக் கடத்தப்படுவதைப் பற்றிய கதையாக மாறுகிறது. முதல் எபிசோடில் விதைத்ததைக் கடைசிவரை மறக்காத கட்டுமானம் இதன் பெருமை. வன்முறை கடுமையானது.

வயலெட் எவர்கார்டன் (2018, 13 எபிசோடுகள்): போர்க்கருவியாகவே வளர்க்கப்பட்ட பெண், போர் முடிந்தபின் எழுதத் தெரியாதவர்களுக்காகக் கடிதம் எழுதுகிறாள், பிறர் மனதை எழுதி எழுதித் தன் மனதை அறிகிறாள். கியோட்டோ அனிமேஷனின் ஒளி, நீர், துணி ஆகியவற்றின் நுணுக்கம் இதில் உச்சத்தில் இருக்கிறது. 2019 ஜூலை 18 அன்று அந்நிறுவனத்துக்கு ஒருவர் தீ வைத்ததில் 36 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நிறுவனம் எதைச் சாதித்தது என்பதற்கு இத்தொடர் சாட்சி.

வின்லாண்ட் சாகா (2019, 2023; 48 எபிசோடுகள்): 11ஆம் நூற்றாண்டின் வைக்கிங் உலகம். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க வாழும் தோர்ஃபின், இரண்டாம் பருவத்தில் ஒரு பண்ணை அடிமையாக மண்ணைக் கொத்துகிறான். வீரக்கதையாகத் தொடங்கி வன்முறையைக் கைவிடும் கதையாக மாறும் துணிவு அரிதானது. மூலம் மகோட்டோ யுகிமுராவின் மங்கா.

ஃப்ரீரென் (முதல் பருவம் 2023–2024, 28 எபிசோடுகள்): மேட்ஹவுஸின் படைப்பு. அசுர மன்னனை வென்ற பயணம் முடிந்த பிறகு கதை தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஃப்ரீரெனுக்குத் தோழர்களோடு கழித்த பத்தாண்டுகள் கணப்பொழுது. அவர்களுள் ஒருவரான ஹிம்மெல் முதுமையில் இறந்த பிறகே, அவரை அறிந்துகொள்ளத் தவறிவிட்டோம் என்று அழுகிறாள். சண்டைக் காட்சிகளுக்கு நிகராகத் தேநீர் வேளைகளும் வரையப்பட்ட இத்தொடரில் ஹைடியின் பொறுமையை மீண்டும் காணலாம்.

நீண்ட தொடர்களும் ‘ஃபில்லர்’களும்

புகழில் முன்னிற்கும் டிராகன் பால் இசட் (291 எபிசோடுகள்), நருட்டோவும் அதன் ஷிப்புடென் தொடர்ச்சியும் (220 + 500), 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒன் பீஸ் ஆகியவை இப்பட்டியலில் இல்லை. அவற்றின் மங்காக்கள் பெரும் சாதனைகள். ஆனால் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடர் மங்காவை எட்டிப்பிடிக்கும்போது, கதையை இழுப்பதும் மூலத்தில் இல்லாத ‘ஃபில்லர்’ எபிசோடுகளைச் சேர்ப்பதும் தவிர்க்க முடியாதவை ஆகின்றன. இப்போது பல தொடர்கள் 12, 13 எபிசோடுகள் கொண்ட பருவங்களாக, இடைவெளி விட்டு வருவதால் இச்சிக்கல் குறைந்துள்ளது.

பார்க்கும் வழி

தமிழ்க் குரலில் ஒளிபரப்பான ‘ஷின்-சான்’ வழியாக அனிமே நம் வீடுகளுக்கு ஏற்கெனவே அறிமுகம். 2025இல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ திரைப்படம் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. ஆயினும் மேற்கண்ட தொடர்களை ஜப்பானியக் குரலோடும் சப்டைட்டிலோடும் பார்ப்பதே சிறந்தது. அசைவு குறைந்த கலையில் பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. இயன்றவரை உரிமம் பெற்ற தளங்களிலேயே பார்க்க வேண்டும். இளம் அசைவூட்டக் கலைஞர்களின் ஊதியம் ஜப்பானில் இன்னும் குறைவு. உரிய வழியில் பார்ப்பது இத்துறைக்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை.

ஹைடியும் அஸ்ட்ரோ பாயும் எல்லா வயதினருக்கும் ஏற்றவை. முஷிஷி, வயலெட், ஃப்ரீரென், பிரதர்ஹுட் ஆகியவை பதின்ம வயதினர் முதல் பார்க்கத்தக்கவை. எவாஞ்செலியன், மான்ஸ்டர், அட்டாக் ஆன் டைட்டன், வின்லாண்ட் சாகா ஆகியவை பெரியவர்களுக்கு. எங்கே தொடங்குவது என்று கேட்டால் பிரதர்ஹுட்டில் தொடங்குங்கள். விறுவிறுப்பு, சிரிப்பு, சிந்தனை, நிறைவான முடிவு நான்கையும் ஒருசேரத் தருவதில் அதற்கு இணையான அனிமே தொடர் இல்லை.