யோக்கோஹாமா ஓவியங்களில் அயலார்

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி, கரும்புகை கக்கும் கப்பல்களுடன் எடோ விரிகுடாவினுள் நுழைந்தார். ஜப்பானிய ஓவியர் சிலர் அவரை நீள்மூக்கும் வெருட்டும் விழிகளும் உடைய பூதமாகவே தீட்டினர். எட்டு ஆண்டுகளில் பூதம் மறைந்தது. மனைவி, குழந்தை, நாய் ஆகியவற்றோடு உலாவரும் மனிதன் அவ்விடத்தில் தோன்றினான். ‘யோக்கோஹாமா-எ’ எனப்படும் மரக்கட்டை அச்சோவியங்களில் இம்மாற்றத்தைக் காணலாம்.

1858இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா, ஹாலந்து ஆகிய ஐந்து நாடுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, மறு ஆண்டே யோக்கோஹாமா துறைமுகமாகத் திறக்கப்பட்டது. அயலாரைக் காணும் ஆவல் எடோ நகரத்தாரைப் பற்றிக்கொண்டது. பதிப்பாளர் அதனை நன்கறிந்தனர். 1860, 1861ஆம் ஆண்டுகளில் இவ்வகைப் படங்கள் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு வந்தன.

இவற்றை வரைந்த உத்தகவா மரபினருள் சதஹிதே தனித்து நிற்கிறார். ஐந்து தாள்களை இணைத்து 1861இல் அவர் படைத்த துறைமுகக் காட்சியில், பாய்மரக் கயிறுகளில் மாலுமியர் தொற்றி நிற்க, சாய்பலகை வழியே சரக்கு ஏறுகிறது. பார்த்தறிந்தவரின் கை அது. பிறர் பலர் காணாத இலண்டனையும் பாரிசையும் மேலைநாட்டுப் படச்செய்தி இதழ்களைப் பார்த்தே வரைந்தனர். அவர்கள் தீட்டிய ஐரோப்பியப் பெண்ணுக்கு உடைதான் அயல்நாட்டினது. சிறுவாயும் சாய்ந்த நிலையும் எடோ அழகியினுடையவை. அறியாத ஒன்றை அறிந்ததன் சாயலில் வைத்துக் காட்டுவது, உவமை ஆள்வோர்க்குப் புதிதன்று.

எனினும் இப்படங்களை நட்புறவின் ஆவணங்கள் என்று மட்டும் போற்றுவது பொருந்தாது. 1859 ஆகஸ்டில் யோக்கோஹாமாத் தெருவில் ரஷ்யக் கடற்படையினர் வெட்டுண்டு மாண்டனர். 1861 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர் ஹியூஸ்கன் எடோவில் கொல்லப்பட்டார். விருந்தும் இசையும் ஊர்வலமும் நிறைந்த தாள்களில் அக்குருதியைத் தேடினால் காண்பது அரிது. தணிக்கை முத்திரையின்றிப் படம் கடைக்கு வரலாகாது. அரசியல் நடப்பைத் தீட்டவும் தடை இருந்தது. அம்மலர்ந்த முகங்களுக்குப் பின்னே வாங்குவோர் ஆவலோடு அரசின் அச்சமும் உண்டு.

1862இல் நமமுகி என்னும் சிற்றூரின் அருகே ஆங்கில வணிகர் ரிச்சர்ட்சன் சத்சுமா வீரர்களால் வெட்டப்பட்டார். அதற்குப் பழியாக மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமா நகரைச் சுட்டெரித்தன. அதற்குள் இப்படங்களின் பெருக்கமும் தணிந்திருந்தது. 1872இல் டோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், ஓவியர் நாட்டம் புகைவண்டியின்மீது சென்றது. நாளடைவில் அத்தாள்களில் கோட்டும் தொப்பியும் அணிந்து நின்றவர்களுள் ஜப்பானியரும் இருந்தனர்.