அதிபர் ஆட்சியை ஆராய்ந்த தமிழ்ப் பேராசிரியர்



ஈப்போவில் 1898ஆம் ஆண்டு பிறந்து, இலங்கைத் தமிழரின் தலைவராய் உயர்ந்தவர் தந்தை செல்வநாயகம் என்பதைப் பலர் அறிவர். அவருடைய மருமகன் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சனை அறிந்தோர் சிலரே.

1928இல் கொழும்பில் பிறந்த வில்சன், இலண்டன் பொருளியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் துறையின் முதல் பேராசிரியரானார். 1972இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பல்லாண்டுகள் அங்கே கற்பித்தார்.

1978இல் ஜெ. ஆர். ஜெயவர்த்தனா புதிய அரசியலமைப்பைக் கொணர்ந்தார். பிரதமர் தலைமையில் ஆளப்பட்டுவந்த இலங்கையில் ஆட்சியதிகாரம் அதிபரின் கைக்கு மாறியது. இதனைப் பிரான்சில் 1958இல் தெகோல் அமைத்த முறையோடு ஒப்பிட்டு, ‘ஆசியாவில் தெகோல் முறை’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1980இல் வில்சன் வெளியிட்டார்.

நாடு முழுவதும் ஒரே தொகுதி. வெற்றிக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். ஆகவே சிறுபான்மையினரின் வாக்கை எந்த வேட்பாளரும் புறக்கணிக்க இயலாது என்ற நம்பிக்கை அன்று நிலவியது. வில்சன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அதிபருக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையே தூதராய்ச் செயற்பட்டார். அதிகாரப் பகிர்வை ஆராய 1979இல் அமைந்த ஆணைக்குழுவிலும் பணியாற்றினார்.

நடந்தது வேறு. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டித்தனர். 1983 ஜூலையில் தமிழர் மீது பெருங்கலவரம் மூண்டது. எல்லா அதிகாரமும் கையிலிருந்த அதிபரின் ஆட்சி மக்களைக் காக்கவில்லை.

வில்சன் வாளாவிருக்கவில்லை. தாம் அருகிருந்து கண்டவற்றை 1988இல் ‘இலங்கையின் பிளவு’ என்னும் பொருளுடைய நூலில் எழுதினார். மாமனாரின் வரலாற்றை 1994இல் நூலாக்கினார். இலங்கைத் தமிழ்த் தேசியம் பற்றிய நூல் வெளிவந்த 2000ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அதிகாரத்தின் அருகே சென்றும், அதன் குறையை எழுத அவர் தயங்கவில்லை. கல்விமானுக்குரிய நேர்மை இதுவன்றோ!

பினாங்கில் ஆளுநர் இருக்கிறார். ஆட்சியை நடத்துபவர் முதலமைச்சர். கூட்டரசில் மாமன்னர் இருக்கிறார்; ஆட்சியை நடத்துபவர் பிரதமர். வரலாற்றுப் பாடத்தில் இப்பதவிகளைப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். ‘யாருக்கு அதிகாரம் உண்டு?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘அந்த அதிகாரத்தைத் தட்டிக்கேட்பவர் யார்?’ என்றும் நாம் கேட்கப் பழக்குவோம். வில்சனின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.