பட்டாவில் இல்லாத பெயர்கள்

ஒரு விவசாயக் குடும்பத்தின் வரலாற்றை எந்த ஆவணத்திலிருந்து எழுதத் தொடங்குவது? அரச மரபுகளுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. பாளையக்காரர்களுக்கு வம்சாவளி ஏடுகள் உண்டு. ஒரு கிணற்றையும் சில ஏக்கர் தோட்டத்தையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கு எஞ்சுவன பட்டாவும் பத்திரமுமே. நாமகிரிப்பேட்டை வட்டாரத்துப் பெரிய குடும்பங்களைப் பற்றி எண்ணும்போது, இத்தாள்கள் சொல்வதற்கு நிகராக மறைக்கவும் செய்கின்றன என்பது புலப்படும்.

போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், இராசிபுரத்தை அடுத்துள்ளது நாமகிரிப்பேட்டை. இசை அறிந்தோர் நாகஸ்வரக் கலைஞர் கிருஷ்ணனின் பெயரோடு இவ்வூரை அறிவர். வணிகர் மஞ்சள் ஏலத்தால் அறிவர். விரலி, உருண்டை, பனங்காளி எனத் தரம் பிரித்து மூட்டைகள் அடுக்கப்படும் அந்த ஏலத்துக்குப் பின்னால், மழையை நம்பிய காடும் கிணற்றை நம்பிய தோட்டமுமாக இரண்டு வகை நிலங்கள் இருக்கின்றன. இங்குள்ள குடும்பத்தின் கதை பெரும்பாலும் அந்தக் கிணற்றின் கதையே.

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவரோடு நேரடியாக வரி பேசும் முறையை இப்பகுதியில்தான் முதலில் வகுத்தனர். பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்றது அம்முறை. இடையில் நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டதும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிட்டாதாரர்கள் மறைந்ததும் தனிக் கதை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: வரி வசூலிக்க அரசுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பதினைந்து பேர் பாடுபட்ட நிலம் ஏட்டில் ஒருவர் பெயரில் ஏறிற்று. அந்த ஒருவர் பெரும்பாலும் மூத்த ஆண்.

அடுத்த நூற்றாண்டின் பேரிடி தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகச் சுருங்கிற்று. நான் கேட்டறிந்தவரை, இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் நினைவு இந்தப் பஞ்சத்தைத் தாண்டிப் பின்னே செல்வதில்லை. அதற்கு முன் இருந்தவர்கள் குலதெய்வக் கோயிலில் கூட்டத்தின் பெயராக மட்டுமே வாழ்கிறார்கள்.

பஞ்சத்தில் பிழைத்தவர்கள் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். கவலை கட்டி இறைப்பது ஓராள் வேலையன்று. மாடு ஓட்ட ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் கட்ட ஒருவர், தட்டு அறுத்துப் போட ஒருவர், சாணம் வழிக்கவும் கட்டுத்தறி பார்க்கவும் இன்னொருவர் வேண்டும். மஞ்சளோ ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். நட்டு, களையெடுத்து, மண் அணைத்து, வெட்டி, கொப்பரையில் வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றுவது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் கைகள் வேண்டும். அண்ணன் தம்பிகள் ஒரே வளவில் கூடி வாழ்ந்ததற்குப் பாசத்தை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மையாகாது. ஒரு கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதும் காரணம். பிரித்தாலும் முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். கூட்டுக்குடும்பம் நம் பண்பாட்டின் சாரம் என்று மேடையில் பேசுவோர் கவலையில் பூட்டிய மாடுகளையும் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கைகளுள் பண்ணையாளின் கைகளும் உண்டு. கவலைக்குரிய தோல் தும்பியைத் தைத்துத் தந்ததும், ஆண்டுக்கூலிக்குப் பண்ணையத்தில் கிடந்து உழைத்ததும் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். தோட்டக்காரரின் மூன்று தலைமுறையோடு அவர்களின் மூன்று தலைமுறையும் அதே கிணற்றடியில் கழிந்தது. நிலம் இல்லாததால் அவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வரலாறும் இல்லை.

பெண்களின் நிலை வேறு விதமானது. வகுப்பில் ஒருமுறை மாணவர்களிடம் தத்தம் முன்னோர் பெயர்களை எழுதச் சொன்னேன். அப்பாருவின் அப்பா பெயரைப் பாதிப் பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். அவருடைய மனைவியின் பெயரை எழுதியவர்கள் இரண்டு மூன்று பேரே. ஐந்தாறு பிள்ளை பெற்று, அத்தனை பேருக்கும் களி கிண்டிப்போட்டு, மஞ்சள் காட்டிலும் நின்ற ஒருத்தியின் பெயர் நாலாம் தலைமுறைக்குள் அழிந்துவிடுகிறது.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. அவளுடைய பிடிவாதத்தையும் துணிச்சலையும் பற்றித் திறனாய்வாளர் பலர் எழுதியுள்ளனர். அவள் கேட்ட காலத்தில் சட்டம் எங்கிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணவனின் பங்கில் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமை தரும் சட்டம் 1937இல் வந்துவிட்டது. ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் பெடரல் நீதிமன்றம் கருத்துரைத்தது. நாவல் வெளிவந்தது 1942இல். சென்னை மாகாணம் அவ்வுரிமையை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947இல். ஆக, நாகம்மாள் கேட்டபோது அவள் பக்கம் ஊரும் இல்லை, சட்டமும் இல்லை.

நிலத்துக்கு ஈடாகக் கொங்கு வட்டாரம் பெண்ணுக்கு வைத்திருந்தது சீர். கல்யாணத்தில் நடக்கும் இணைச்சீரில் மணமகனையும் அவன் உடன்பிறந்தவளையும் ஒரு சேலை இணைக்கும். பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகாது என்பதற்கு அது உறுதிமொழி. தலைமுறைகளின் கதையான அண்ணன்மார் கதையிலும், மாண்ட அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் செல்பவள் தங்கைதான். நிலத்துக்காகப் பங்காளிகள் பொருதுகிறார்கள். அழுவதும் தேடுவதும் அவள் பங்காகின்றன. சடங்கிலும் பாட்டிலும் அவளுக்குத் தலைமை இடம். பட்டாவில் இடமில்லை.

மின்மோட்டார் வந்தபோது பெரிய குடும்பத்தின் அச்சாணி கழன்றது. ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும் என்றானபின் அண்ணன் தம்பிகள் சேர்ந்திருக்கக் கட்டாயம் குறைந்தது. 1990ஐ ஒட்டி விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பாகம் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினர், சேகோ ஆலைகளை நம்பி, ஆள் அதிகம் வேண்டாத மரவள்ளிக்கு மாறினர். பிள்ளைகள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் நாமக்கல் லாரிகளிலும் ஏறி வடநாடு சென்றனர். படித்தவர்கள் இன்னும் தொலைவு சென்றனர். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்பது ஒன்றாகவும் சுருங்கிற்று. அந்தச் சுருக்கத்தின் கொடிய விலையையும் இம்மண் பெண்ணின் மேலேயே வைத்தது. பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. நாமக்கல் அன்று சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1997இல்.

சட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் பங்கில் மகளையும் வாரிசாக்கிற்று. 1989இல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகராகப் பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களை விலக்கிவைத்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கிற்று. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இனி என்ன நடக்கிறது என்பதைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு முன்னுள்ள மர நிழலில் காணலாம். தோட்டத்தை விற்கவோ வங்கியில் அடகு வைக்கவோ வேண்டுமானால் அக்கா தங்கைகளின் கையெழுத்து வேண்டும். அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறார்கள். சிலர் மனமுவந்து, சிலர் பொங்கல் சீரும் பிறந்த வீட்டு வாசலும் நின்றுவிடுமோ என்று அஞ்சி. பங்கு கேட்டவளை ‘நாகம்மாள்’ என்று ஊர் அழைக்காவிட்டாலும் பார்வை அதுவே.

ஒரு குடும்பத்தின் தாள்களை ரீடு, மன்றோ காலம் முதல் அடுக்கிவைத்துப் படித்தால் அப்பன், மகன், பேரன் என்று ஆண் பெயர்களே வரிசையாக வரும். கைம்பெண் பெயரில் பட்டா மாறிய சில இடங்களை விட்டால், மகள்கள் தம் முழுப் பெயரோடும் தந்தை பெயரோடும் முதன்முதலாக அந்த வரிசையில் தோன்றுவது விடுதலைப் பத்திரத்தில். நிலத்தின் வரலாற்றுக்குள் அவர்கள் நுழையும் நாளும் அதிலிருந்து வெளியேறும் நாளும் ஒன்றே. வரலாறு எழுத விரும்புவோர் அந்தத் தாளையும் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். அக்குடும்பத்தில் யார் யார் பிறந்தார்கள் என்பதற்குச் சில வேளை அது ஒன்றே சான்றாக நிற்கும்.